இட்லியும் தெரிய வேண்டும்

அந்த லென்ஸ் கூரியரில் வந்த அன்று என் கணவர் அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படி லீவு போட்டது, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றும், வேங்கிக்காலில் இந்த வீட்டு மனையில் போர்வெல் போட்ட அன்றும்தான். அதனால் வந்தது பெரிய சமாச்சாரம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கேமரா எங்கள் மகளுடையது. சென்னையில் கல்லூரியில் சேர்ந்த வருஷம் புகைப்படக் குழுவில் இருக்கிறேன் என்று ஆசையாக வாங்கினாள். அடுத்த வருஷம் நாடகக் குழுவுக்குப் போய்விட்டாள். பொங்கலுக்கு வந்தபோது கேமராவை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்த லென்ஸ் ஒருமுறை மாடிப்படியில் உருண்டு, உள்ளே இருந்த மோட்டார் போய்விட்டது. திருப்பினால் ஈனமாக ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். கேமரா மட்டும் நன்றாக இருந்தது. சும்மா கிடக்கிறதே என்று என் கணவர் போனில் தேட ஆரம்பித்து, மூன்று மாதம் தேடி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஃபிலிம் கேமரா லென்ஸ்களை, நடுவில் ஒரு வளையத்தை வைத்து இந்தக் காலக் கேமராவில் மாட்டலாமாம். மோட்டார் கிடையாது. எல்லாவற்றையும் கையால்தான் திருப்ப வேண்டும். படம் அலாதியாக இருக்குமாம். இதை எனக்கு அவர் விளக்கியது ஒரு பௌர்ணமிக்கு முதல் நாள். கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்குள் போகிற ரோடு எல்லாம் அடைத்துவிட்டதால் வேறு எங்கும் போக வழியில்லாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.

பெட்டியைப் பிரித்தார். உள்ளே செய்தித்தாள் சுற்றிய ஒரு கறுப்பு உலோக உருளை. உள்ளங்கைக்குள் அடங்குவது, ஆனால் அளவுக்கு மீறிய கனம். மேலே இரண்டு வளையங்கள். ஒன்றைத் திருப்பினால் தேனில் கரண்டி போட்டுத் திருப்புவது போல வழவழவென்று போகும். இன்னொன்று டிக் டிக் என்று நின்று நின்று போகும். வெள்ளையிலும் ஆரஞ்சிலும் எறும்பு எறும்பாக எண்கள். அவர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கையை நன்றாக நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன நம்பர் போட்டிருக்கான் பாரு" என்று என்னிடம் நீட்டினார். நான் படித்துச் சொன்னேன். அப்போதே எனக்கு ஒரு சந்தேகம். சொல்லவில்லை.

சந்தேகம் புதிதும் இல்லை. ஓட்டலுக்குப் போனால் மெனு அட்டையை என் பக்கம் தள்ளி, "நீயே சொல்லு, எனக்கு எதுவா இருந்தாலும் சரி" என்பார். ஒரு காலத்தில் எதுவாக இருந்தாலும் சரி என்கிற ஆள் இல்லை அவர். மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பதும் என் வேலையாகிவிட்டது. அலுவலகக் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிது பண்ணி வைத்திருக்கிறார் என்று அவருடன் வேலை செய்கிற அம்மா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். கண்ணாடி போடலாமே என்று நான் கேட்டால், அவர் அப்பா எழுபது வயது வரை கண்ணாடி போட்டதில்லை என்பார். அவர் அப்பா எழுபது வயது வரை எதையும் படித்ததும் இல்லை என்பதை நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் எல்லாமே மங்கலாக இருந்தது. மாடியிலிருந்து மலையை எடுத்தார், மங்கல். பக்கத்து மனையில் மேயும் மாட்டை எடுத்தார், மங்கல். கொய்யா மரத்தில் கிளி வந்தது. அதை எடுத்ததில் கிளிக்குப் பின்னாலிருந்த மின்கம்பம் மட்டும் கத்தி வைத்த மாதிரித் துல்லியமாக இருந்தது. கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அவர் அதில் பார்ப்பதில்லை. முதுகுப் பக்கமிருக்கும் திரையைப் பார்த்துத்தான் எடுப்பார். கேமராவை இரண்டு கையாலும் முன்னால் நீட்டி, தலையைப் பின்னால் இழுத்து, சூடான குழம்புச் சட்டியை இறக்குகிறவர் மாதிரி நிற்பார். அந்த நிலையில் லென்ஸ் வளையத்தை வேறு திருப்புவார்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் வீடியோ காலில் காட்டினார். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அப்பா, ஒண்ணுகூட ஷார்ப்பா இல்லையே" என்றாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

குற்றவாளியைத் தேடும் படலம் தொடங்கியது. முதலில் காற்று. பிறகு நடுவில் மாட்டும் வளையம். பிறகு லென்ஸுக்குள் தூசி. கடைசியாக லென்ஸை விற்றவர். அவர் மதுரைப் பக்கத்துக்காரர், நேரில் பார்த்ததில்லை, போனில் எழுதிப் பேசிக்கொள்வதுதான். அவருக்கு என் கணவர் அலுவலகக் கடிதம் மாதிரி ஒரு செய்தி அனுப்பினார். "தாங்கள் அனுப்பிய பொருள் தெளிவான படத்தைத் தரும் நிலையில் இல்லை என்பதை வருத்தத்துடன்" என்று தொடங்கும். அந்த மனிதர் பாவம், மிகவும் மரியாதையாகப் பதில் எழுதினார். தான் பத்து வருஷமாக இதே லென்ஸில் எடுத்த நாலைந்து படங்களை அனுப்பினார். அவ்வளவும் தெளிவு. அதோடு ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். "சார் கண்ணாடி போட்டுக்கொண்டு எடுக்கிறீர்களா, போடாமல் எடுக்கிறீர்களா?"

என் கணவர் போனை என்னிடம் காட்டி, "எனக்குக் கண்ணாடியே கிடையாதுன்னு இவருக்கு எப்படிப் புரிய வைக்கிறது?" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். திருப்பி அனுப்பிவிடுங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்று அந்த மனிதர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை கூரியர் போடுவதென்று ஏற்பாடு.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று இங்கே சொல்ல வேண்டும். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இப்போது நிறைய பரிசோதனைகளை மெஷினே பார்த்துவிடுகிறது. ஆனாலும் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது இன்னும் உண்டு. மெஷினுக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வரும். அதனால் என் வலது கை எப்போதும் ஒரு திருகைத் திருப்பிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுகூடக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா அசையும் என்று மகள் கேலி செய்வாள்.

அந்த ஞாயிறு மத்தியானம் அவர் மாடியில் உட்கார்ந்து பார்சல் பெட்டிக்கு டேப் கிழித்துக்கொண்டிருந்தார். நான் துணி எடுக்கப் போனேன். லென்ஸ் கேமராவோடு ஸ்டூல் மேல் இருந்தது. கழற்றிப் பெட்டியில் வைக்கப்போகிறார். போகிற பொருள்தானே என்று கையில் எடுத்தேன். சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தேன். கலங்கலாக இருந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு குட்டிச் சக்கரம் தட்டுப்பட்டது. மைக்ரோஸ்கோப்பிலும் கண் வைக்கிற இடத்தில் அப்படி ஒன்று உண்டு, ஆளுக்குத் தகுந்த மாதிரித் திருப்பிக்கொள்ள. யோசிக்காமல் திருப்பினேன். உள்ளே தெரியும் சின்ன எழுத்துகள் பளிச்சென்று வந்தன.

பிறகு லென்ஸ் வளையத்தைத் திருப்பினேன். கொடியில் மாட்டியிருந்த ஒரு பச்சைக் கிளிப். அது கலங்கி, உருவாகி, தெளிந்து வந்தது. தெளிவு வந்ததும் நிறுத்தக் கூடாது, இது வேலை கற்ற நாளிலிருந்தே எனக்குப் பழக்கம். கொஞ்சம் தாண்டிப் போய், மறுபடி கலங்க விட்டு, பிறகு திரும்பி வர வேண்டும். அப்போதுதான் எது உண்மையான தெளிவு என்று தெரியும். தாண்டிப் போனேன், திரும்பி வந்தேன். கிளிப்பின் கம்பியில் துரு ஏறியிருந்தது தெரிந்தது. அழுத்தினேன்.

அப்புறம் அவர் பக்கம் திரும்பினேன். டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். இடது கண்ணையும் மூடாமல் திறந்தே வைத்திருந்தேன், அதுவும் லேப் பழக்கம்தான். ஒரு கண்ணில் என் கணவர் தூரத்தில் இருந்தார். இன்னொரு கண்ணில் பக்கத்தில் வந்து நின்றார். ஒருநாள் தாடி, அதில் பாதிக்கு மேல் வெள்ளை. புருவத்தில் ஒரு முடி மட்டும் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அழுத்தினேன்.

சாயங்காலம் அதை லேப்டாப்பில் போட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யார் எடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். என்ன செட்டிங் மாற்றினாய் என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கி அந்தப் புருவ முடியைப் பார்த்தார். பெரிதாக்கிப் பெரிதாக்கி அதைக் கயிறு மாதிரி ஆக்கினார். அப்போதும் தெளிவாகவே இருந்தது.

"அப்ப லென்ஸ் நல்லாதான் இருக்குது" என்றார்.

"லென்ஸ் நல்லாதாங்க இருக்குது" என்றேன்.

அவர் எழுந்து போய் மதுரைக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பினார். வளையத்தில் சின்னக் கோளாறு இருந்தது, சரிசெய்துவிட்டோம், லென்ஸை வைத்துக்கொள்கிறோம் என்று. எழுதும்போது போனைக் கை நீளத்துக்குப் பிடித்திருந்தார்.

திங்கட்கிழமை கூரியர் கடைக்குப் பதிலாக தேரடி வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பாய் எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். என் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது அங்கேதான் கண்ணாடி வாங்கினோம். படிக்கிற அட்டையைக் கையில் கொடுத்தார். என் கணவர் மேல் இரண்டு வரியைக் கடகடவென்று வாசித்தார். மூன்றாவது வரியில் வேகம் குறைந்தது. நான்காவது வரியில் நின்றுவிட்டு, அச்சு சரியில்லை என்றார்.

பாய் சிரிக்கவே இல்லை. "இருபது வருஷமா இந்த அட்டைய வச்சிருக்கேன் சார். நாப்பத்தஞ்சு தாண்டி வர்ற எல்லாருமே நாலாவது வரியில அச்சு சரியில்லைன்னுதான் சொல்றாங்க. நானும் மாத்தாமயே வச்சிருக்கேன்" என்றார்.

கண்ணாடி நான்கு நாளில் வந்தது. போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் முதலில் லென்ஸைத்தான் எடுத்துப் பார்த்தார். எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். அடி ஒரு பக்கம், மீட்டர் ஒரு பக்கம் போட்டிருக்கிறது என்று ஏதோ கண்டுபிடித்தவர் போலச் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்தார், சுவிட்ச் போர்டைப் பார்த்தார், வீட்டில் இவ்வளவு தூசியா என்றார். அதுவரை வந்த சந்தோஷம் எனக்கு அந்த ஒரு வார்த்தையில் பாதி போய்விட்டது.

அதற்குப் பிறகு கேமரா இருவருக்கும் பொதுவானது. அவர் படிப்பார். எந்த எண்ணில் வைத்தால் என்ன ஆகும், வெளிச்சம் எங்கிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொள்வார். நான் திருப்பி அழுத்துவேன், அவ்வளவுதான். அவர் படங்களும் தெளிவாக வர ஆரம்பித்தன. ஆனால் என்னுடையது கொஞ்சம் கூடுதலாக நன்றாக இருந்தது. இதை மகள்தான் சொன்னாள், நான் சொல்லவில்லை. அன்று முழுக்க அவர் கொஞ்சம் முறைப்பாக இருந்தார்.

எனக்கே ஆச்சரியம், எனக்கு இது ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்று. யோசித்துப் பார்த்தேன். என் வேலையில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் பார்ப்பதில்லை. ஊசியைக் கையில் எடுத்தவுடனே எல்லோரும் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். நான் நரம்பைப் பார்ப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர்க்காரர்களின் முழங்கை மடிப்புகளை எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தைப் பார்த்தால் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும், கையை நீட்டினால் யாரென்று சொல்லிவிடுவேன். இந்த லென்ஸில் ஒருவரைத் தெளிவுக்குக் கொண்டுவர இரண்டு மூன்று வினாடி ஆகும். அந்த இரண்டு மூன்று வினாடியும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவரும் வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் சிரிப்பார்கள். பிறகு, இன்னும் எடுக்கவில்லையா என்று சிரிப்பை விட்டுவிடுவார்கள். அப்போது வருகிற முகம்தான் எனக்குப் பிடித்தது.

கேமராவைப் பையில் வைத்து வேலைக்கும் கொண்டுபோக ஆரம்பித்தேன். அப்படித்தான் இட்லிக்கடை அக்கா பார்த்துவிட்டார்.

அவர் கடை எங்கள் லேபிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ரோட்டோரத்தில். தள்ளுவண்டி, மேலே நீலத் தார்ப்பாய், பக்கத்தில் இரண்டு பெஞ்சு. மாதா மாதம் சர்க்கரை பார்க்க வருவார். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பதால், விடிகாலையிலிருந்து ஊருக்கெல்லாம் இட்லி போட்டுக் கொடுத்துவிட்டு, தான் ஒரு வாய் சாப்பிடாமல் பத்தரை மணிக்கு வந்து கையை நீட்டுவார். அன்று லேபில் கூட்டமில்லை. வரவேற்பில் இருக்கும் பெண்ணை நான் ஜன்னல் ஓரம் நிற்க வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்ற அக்கா கேட்டார்.

"நீங்க எடுத்தா காப்பி குடுப்பீங்களா மேடம்?"

நான் புரியாமல் பார்த்தேன். அவர் விளக்கிச் சொன்னார். இந்த ரோட்டில் பதினாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறாராம். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள், வடநாட்டுக்காரர்கள், சென்னைப் பிள்ளைகள் என்று இவரை எடுக்காத ஆள் இல்லையாம். ஆவி வரும்போது தட்டைத் தூக்கச் சொல்வார்களாம், இவரும் தூக்கிக் காட்டுவாராம். "இத்தினி வருஷத்துல ஒருத்தராவது ஒரு படம் கையில குடுத்திருக்கணுமே. போன்ல காட்டுவாங்க, சூப்பர்னு சொல்லுவாங்க, போயிடுவாங்க. நான் இன்னா ஜெர்மனிக்குப் போயா பாக்க முடியும்?" என்றார். சொல்லும்போது குறைப்படுகிற குரல் இல்லை. கணக்காசிரியர் கணக்கைப் போட்டுக் காட்டுகிற மாதிரிச் சொன்னார்.

அந்த ஞாயிறே போனேன். என் கணவரும் வந்தார், நோட்டுப் புத்தகத்தோடு. ஏழு மணிக்கு வியாபாரம் நல்ல சூட்டில் இருந்தது. அக்கா வேலையை நிறுத்தவில்லை, நான் நிறுத்தவும் சொல்லவில்லை. அவர் கை கரண்டியிலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து சாம்பார் வாளிக்கும் போய்வந்துகொண்டே இருந்தது. நான் தெளிவைப் பிடிப்பதற்குள் அவர் அரை அடி நகர்ந்துவிடுவார். ரத்தத் தகடு அப்படியெல்லாம் நகராது. போதாததற்கு, இட்லிக் குண்டானைத் திறக்கும்போதெல்லாம் ஆவி வந்து லென்ஸில் படிந்து எல்லாம் பனிமூட்டம் ஆனது. முந்தானையால் துடைக்கப் போனேன், என் கணவர் பதறிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடித் துணியை எடுத்துக் கொடுத்தார். இருபது முப்பது படம் வீணாகியிருக்கும். பிறகு ஒரு சின்ன இடைவெளி கிடைத்தது. யாரோ பார்சல் கேட்க, வாழை இலையைக் கிழித்துவிட்டு அக்கா என் பக்கம் நிமிர்ந்தார். நெற்றியில் வேர்வை, மூக்குத்தியில் வெளிச்சம். தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். அழுத்தினேன்.

என் வாழ்க்கையில் நான் எடுத்த ஆகச் சிறந்த படம் அது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். டிக் டிக் வளையத்தைத் திருப்பி, லென்ஸில் வெளிச்சம் புகும் துளையை முழுக்கத் திறந்து வைத்திருந்ததால் முகம் மட்டும்தான் தெளிவு. இமை மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம். பின்னால் இருந்ததெல்லாம் கரைந்து நீலமும் வெள்ளையுமாக மேகம் மாதிரி இருந்தது. பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, செவ்வாய்க்கிழமை கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூஞ்சி நல்லாருக்குது" என்றார். பிறகு படத்தை இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இட்லி எங்க மேடம்?"

அதோ அந்த வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் இட்லி என்று காட்டினேன். பஞ்சு மாதிரி இருக்கிறதே என்றார். பஞ்சு மாதிரி இட்லி என்றால் நல்லதுதானே என்று பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் சொன்னார். அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுப்பு எங்கே, போர்டு எங்கே என்று கேட்டார். பின்னால் அவர் வீட்டுக்காரர் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாரே, அவர் எங்கே? நான் பின்னால் இருந்த ஒரு பழுப்புத் திட்டைக் காட்டினேன். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அந்தத் திட்டு தான்தான் என்பதை அவர் சங்கடமில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

இப்படிப் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து போவதுதான் இந்தப் பழைய லென்ஸின் அழகு என்று நான் சொல்லிப் பார்த்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அழகாதான் மேடம் இருக்குது. ஆனா இதப் பாத்தா நான் சும்மா எங்கியோ நின்னுக்கினு இருக்கிற மாதிரி இருக்குது. பதினாறு வருஷமா நான் சும்மா நிக்கலையே."

எனக்குச் சுருக்கென்றது. அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அவ்வளவு நேரம் முகத்தைப் பார்க்கிறேன், முகத்தைப் பார்க்கிறேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த முகத்தைச் சுற்றி ஒரு கடை இருப்பதை நான்தான் வளையத்தைத் திருப்பி இல்லாமல் ஆக்கியிருக்கிறேன். மறுபடி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் முகத்தில் ஒரு பிரகாசம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். முன்னாலிருந்து மலை வரைக்கும் எல்லாமே தெரிகிற மாதிரி எடுக்க இந்த லென்ஸிலேயே வழி இருக்கிறதாம். இரண்டு வளையங்களுக்கும் நடுவில் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. அழகுக்குப் போட்டது என்று நான் நினைத்திருந்தேன். டிக் டிக் என்று போகும் வளையத்தைப் பதினாறில் வைத்து, முடிவில்லாத் தூரத்துக்கான குறியை இந்தப் பக்கம் பதினாறுக்கான கோட்டுக்கு நேராக நிறுத்தினால், அந்தப் பக்கத்துக் கோடு எத்தனை அடியைக் காட்டுகிறதோ அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் தெளிவாக வருமாம். அதைத் தாண்டிப் போகவும் வேண்டாம், திரும்பி வரவும் வேண்டாம். வளையத்தைத் தொடவே வேண்டாம்.

"அப்ப கண்ணே வேணாமா?" என்றேன்.

"நம்பர் படிக்கத் தெரிஞ்சா போதும்" என்றார். அவ்வளவு அடக்கத்தோடு அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு வெளிச்சம் நிறைய வேண்டும் என்பதால் எட்டரைக்குப் போனோம். அக்கா மெரூன் கலரில் புதுச் சேலை கட்டியிருந்தார். வீட்டுக்காரர் இந்த முறை பின்னால் ஒளியாமல், சட்டையை இன் பண்ணிக்கொண்டு சட்னி வாளியோடு முன்னால் வந்து நின்றார். போர்டைத் துடைத்து வைத்திருந்தார்கள். என் கணவர் வண்டிக்கு முன்னால் காலால் அடி அளந்து, பத்தாவது அடியில் செருப்பால் ஒரு கோடு போட்டார். நான் கேமராவை அவரிடம் கொடுத்துவிட்டேன். அது அவர் படம். எனக்கு வேலை, பெஞ்சில் இருந்தவர்களைத் தட்டோடு நிமிரச் சொல்வதும், குறுக்கே வந்த பசுவை ஓட்டுவதும்தான். தட்டை எப்போது தூக்க வேண்டும் என்று யாரும் அக்காவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குண்டான் மூடியைத் திறந்ததும் ஆவி எழும்பி, அது கலைந்து, இட்லி தெரிகிற நேரம் பார்த்துத் தட்டைத் தூக்கி நின்றார்.

படத்தில் எல்லாம் இருந்தது. அக்கா, பதினாறு இட்லி, வீட்டுக்காரர், வாளி, அடுப்பின் நீல நெருப்பு, போர்டில் எழுத்துப்பிழை, ஆட்டோக்காரரின் வாய்க்குள் பாதி வடை, தார்ப்பாய்க்கு மேலே மலை. புகைப்படக் குழுவில் காட்டினால் ரொம்பக் கூட்டமாக இருக்கிறது என்று சொல்வார்கள். அக்கா பார்த்தார். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். இட்லியை எண்ணினார். கடைசியில் தலையை ஆட்டி, இது கடைக்கு என்றார். முதல் படம் என்ன ஆயிற்று என்று நான் தயங்கிக் கேட்டேன். அது வீட்டில், பீரோவுக்குள் இருக்கிறதாம். மருமகள் அதைப் பார்த்துவிட்டு, சினிமாக்காரி மாதிரி இருக்கிறீர்கள் என்றாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தணித்துக்கொண்டார், வீட்டுக்காரர் காதில் விழாமல்.

கடைப் படத்தைச் சட்டம் போட்டு, வண்டியின் முன் கம்பியில் மாட்டியிருக்கிறார். நாலு நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது, தோளில் பெரிய கேமரா போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் அந்தப் படத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் நின்று, ஒரு விரலால் என்னைச் சுட்டிக்காட்டி என்னவோ சொன்னார். நான் அவசரமாக மறுத்து, எடுத்தது என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். சாயங்காலம் இதை அவரிடம் சொன்னேன். இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தார்.

போன வாரம் இட்லிக்கடைக்குப் பக்கத்தில் இளநீர் விற்பவர் லேபுக்கே வந்துவிட்டார். பரிசோதனைக்கு இல்லை. அவருக்கும் ஒரு படம் வேண்டுமாம், கடையில் மாட்ட. எல்லாம் தெரிகிற மாதிரியா, முகம் மட்டும் தெரிகிற மாதிரியா என்று கேட்டேன்.

"இளநி எல்லாம் நல்லாத் தெரியணும்க்கா. மலையும் வரணும். என் மூஞ்சி கொஞ்சம் கம்மியாத் தெரிஞ்சா போதும்" என்றார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கேட்டேன். அதற்கு நோட்டுப் புத்தகத்தில் வழி எதுவும் இல்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. யார் எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. இளநீர்க்காரரை லென்ஸுக்கு ரொம்பக் கிட்டத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் இருப்பதைத் தெளிவாக்கலாம் என்கிறார் அவர். இளநீர்க்காரரைக் குனிந்து இளநீர் சீவச் சொன்னாலே போதும் என்கிறேன் நான்.